ஹாடன் மாளிகை

இங்கிலாந்தின் டார்பிஷயர் மாவட்டத்தில், பேக்வெல் என்னும் சிற்றூருக்கு அண்மையில், வை நதியின் கரைமேட்டில் நிற்கும் ஹாடன் மாளிகை, ஒரு சிற்பியின் சித்தத்தில் உதித்து ஒரே காலத்தில் எழுந்த கட்டடமன்று. 12ஆம் நூற்றாண்டு தொடங்கி 17ஆம் நூற்றாண்டு வரையில், வெர்னன் வம்சத்தாரும், விவாக சம்பந்தத்தால் அவர்களுக்குப்பின் உரிமை பெற்ற மானர்ஸ் வம்சத்தாரும், தத்தம் தேவைக்கும் ஐசுவரியத்துக்கும் ஏற்பச் சிறுகச் சிறுகக் கட்டிச் சேர்த்தது. பின்னாளில் அரசனான ஜான், ரிச்சர்ட் வெர்னனுக்கு மதில் எழுப்ப அநுமதி வழங்கியபோது, உயரம் 12 அடியைக் கடக்கலாகாது, ஞாயில்கள் அமைக்கலாகாது என்று நிபந்தனை விதித்தான். பிரபுவுக்கு வீடு இருக்கலாம், கோட்டை கூடாது என்பது அக்கால ராஜதந்திரம்.

இரு முற்றங்களுக்கு இடையே அமைந்த பெருங்கூடம் 14ஆம் நூற்றாண்டினது. அதன் மரத்தடுப்பில் ஓர் இரும்பு வளையம் பதிந்திருக்கிறது. தன் பங்கு மதுவைப் பருக மறுத்த விருந்தினனின் கையை உயர்த்தி அதில் மாட்டி, அம்மதுவை அவனுடைய சட்டைக் கைக்குள்ளேயே ஊற்றிவிடுவார்களாம். விருந்தோம்பலுக்கு இப்படியும் ஓர் இலக்கணம்!

மாளிகையின் மகுடம் என்று நான் கொள்வது 110 அடி நீளமும் 17 அடி அகலமும் உள்ள நெடுங்கூடத்தையே. ஓக் மரப் பலகை போர்த்த அதன் சுவர்களில் வெர்னன்களின் காட்டுப்பன்றியும் மானர்ஸ்களின் மயிலும் குலச்சின்னங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. ஜன்னல்களில் ஈயக் கம்பிகளால் இணைத்த சிறு கண்ணாடித் துண்டுகள் ஒரே தளத்தில் அமையாமல் புடைத்தும் குழிந்தும் இருப்பதால், சூரிய ஒளி பல கோணங்களில் சிதறிக் கூடமெங்கும் பரவுகிறது.

டாரதி வெர்னன் விருந்து இரவொன்றில் ஜான் மானர்ஸுடன் ஓடிப்போன கதையை இங்கே வருவோர் யாவரும் கேட்பர். விவாகம் மெய், ஓட்டத்துக்கோ தக்க சான்றில்லை.

1703இல் ரட்லண்ட் டியூக் பட்டம் எய்திய மானர்ஸ் குடும்பத்தார் பெல்வாய்க் கோட்டையையே வாசஸ்தலமாகக் கொள்ள, ஹாடன் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் வெறிச்சோடிக் கிடந்தது. அண்டையிலுள்ள சாட்ஸ்வொர்த்து மாளிகையை டெவன்ஷயர் டியூக் 1687 முதல் புதுப்பாணியில் மாற்றிக் கட்டியதுபோல் இதனை மாற்ற ஒருவரும் முனையவில்லை. அந்த உபேட்சையே இதற்கு ரட்சையாயிற்று. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒன்பதாம் டியூக் இதனைச் செப்பனிட்டபோதும், பழமைக்கு ஊறு நேராமலே பணி நடைபெற்றது. சுண்ணாம்புப் பூச்சுக்கடியில் மறைந்திருந்த தேவாலயச் சுவரோவியங்களும் வெளிவந்தன. சாட்ஸ்வொர்த்தைக் காணச் செல்லும் அன்பர்கள், ஹாடனை முதலில் கண்டுவிட்டுச் செல்வார்களாக.