கிறெய்க்னிஷ் முனையில் உடைந்த கப்பல்

ஐரோப்பாவிலே பிரயாணிகளைக் கட்டணத்துக்கு ஏற்றி, அத்தொழிலில் நிலைபெற்ற முதலாவது நீராவிக் கப்பல் எட்டு ஆண்டுகளே வாழ்ந்தது. 1820ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், ஸ்கொத்லாந்தின் மேற்குக் கரையிலே பாறையில் மோதி அது இரண்டாகப் பிளந்தது. அதன் பெயர் ‘கொமெட்’. வால்வெள்ளி என்பது அதன் பொருள். 1811இல் பல மாதங்கள் வானிலே காட்சியளித்த பெரிய வால்வெள்ளியின் நினைவாக இடப்பட்ட பெயர் அது. கடலில் உடைந்த கப்பல்கள் எண்ணிறந்தன. ஆயினும் இக்கப்பல் எவ்விடத்திலே பிளந்தது என்பதைக் கவனித்தால் அதன் வரலாறு முழுவதும் விளங்கும்.

கொமெட்டுக்கு முன்னோடியாக ஓர் இழுவைக் கப்பல் இருந்தது. வில்லியம் சைமிங்டன் என்னும் பொறியியலாளர் அமைத்த ‘ஷார்லொட் டண்டாஸ்’ என்பதே அது. 1803 மார்ச் மாதத்தில், ஃபோர்த்–கிளைட் கால்வாயிலே, கடும் எதிர்க்காற்றினூடே, பாரமேற்றிய படகுகள் இரண்டை ஏறக்குறைய 20 மைல் தூரம் அது இழுத்துச் சென்றது. ஆனால், சக்கரங்கள் எழுப்பும் அலை கரையை அரித்துவிடும் என்று கால்வாய்க்கு உரியோர் அஞ்சினர். கப்பல் ஓரங்கட்டப்பட்டது. சைமிங்டன் 1831இல் இலண்டனில் வறியவராய் இறந்தார். நீராவியால் கப்பலை ஓட்டலாம் என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. அதை நம்பிப் பணம் போடுவார்தாம் இல்லை.

ஹென்றி பெல் அத்துணிவு உடையவர். ஆலை வேலையும் தச்சும் பயின்ற அவர், கிளைட் நதிமுகத்திலுள்ள ஹெலன்ஸ்பறோவில் குளிப்பறைகளுடன் கூடிய விடுதியொன்றை நடத்தினார். கிளாஸ்கோ நகரத்துச் செல்வர் அங்கு வந்து சேர்ந்தாலன்றி விடுதிக்கு வருமானமில்லை. பாய்க்கப்பலோ காற்றை நம்பியது, நதியோ ஆழமற்றது. ஆகவே 1812இல் போர்ட் கிளாஸ்கோவில் ஜோன் வூட்டைக் கொண்டு கப்பலைக் கட்டுவித்தார். பொறியை ஜோன் றொபேட்சனும், கொதிகலனை டேவிட் நேப்பியரும் செய்தளித்தனர். பொறியின் வலு மூன்று அல்லது நான்கு குதிரை வலுவே. புகைபோக்கியே பாய்மரமாகவும் பயன்பட்டது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் கிளாஸ்கோவுக்கும் கிறீனொக்குக்கும் இடையே சேவை தொடங்கியது. உயர்ந்த அறைக்கு நான்கு ஷில்லிங், மற்றதற்கு மூன்று.

மக்கள் முதலில் தயங்கினர், பின்னர் ஏறினர். பெல்லுக்கு வந்த இடர் அதன் பின்னரே தோன்றியது. கொமெட் கண்ட வெற்றி பிறர் கண்ணையும் திறந்துவிட்டது. அடுத்த ஆண்டே, 1813இல், அதே ஜோன் வூட்டின் துறையிலிருந்து ‘எலிசபெத்’ என்னும் பெரிய கப்பல் வேறொருவருக்காக இறங்கியது. சில ஆண்டுகளுக்குள் கிளைட் நதியில் கொமெட்டே சிறியதும் மெதுவானதும் ஆயிற்று. வழிகாட்டியவன் வழியிலிருந்து விலக்கப்படுவது வணிகத்திலே புதுமையன்று. ஆயினும் இங்கே அது விரைவாக, கொடுமையாக என்றுகூடச் சொல்லலாம், நடந்தேறியது.

பெல் கப்பலைக் கைவிடவில்லை. அதன் உடலை நடுவிலே நீட்டித்து, 1819இல் கிரினன் கால்வாய் வழியாக ஓபன், ஃபோர்ட் வில்லியம் ஆகிய மேற்கு மலைநாட்டுத் துறைகளுக்கு அனுப்பினார். போட்டியில்லாத வழிதான், ஆனால் கடல் வேறு. நதிக்கென்று பிறந்த கப்பல் அது. கிறெய்க்னிஷ் முனைக்கு அப்பால், டோறஸ் மோர் எனப்படும் ஒடுங்கிய நீர்வழி உண்டு. கேலிக் மொழியில் ‘பெருவாயில்’ என்பது அதன் பொருள். பெருக்கும் வற்றும் மாறும்போது நீர் அங்கே ஆறுபோலப் பாயும். அதன் உச்சவேகம் மணிக்கு எட்டுக் கடல்மைல் அளவு எனப்படும். கொமெட்டின் வேகமோ ஐந்தாறு கடல்மைலுக்கு மேற்பட்டதன்று.

ஃபோர்ட் வில்லியத்திலிருந்து திரும்பும் வழியில் அந்த நீரோட்டம் கப்பலைப் பற்றிக்கொண்டது. பெல்லும் கப்பலிலிருந்தார். பாறையில் ஏறிய கப்பல் நடுவே பிளந்தது. நீட்டித்து ஒட்டிய அந்த இணைப்பிலேயே பிளந்தது. ஒரு பாதி நீரோடு போயிற்று. பொறியிருந்த பாதி பாறையிலே தங்கியது. உயிர்ச்சேதம் எதுவும் நிகழவில்லை.

பெல் மனந்தளரவில்லை. 1821இல் இரண்டாவது கொமெட் நீரில் இறங்கியது. 1825 ஒக்டோபரில், கூறொக் அருகே ‘ஏர்’ என்னும் நீராவிக் கப்பலுடன் இரவிலே மோதி அது மூழ்கிற்று. 62 பேர் மாண்டனர். பெல் அதன்பின் நீராவிக் கப்பல் முயற்சியிலே இறங்கவில்லை. கிளைட் நதிப் பரிபாலகர் அளித்த ஆண்டுக்கு 100 பவுண் உதவிப்பணம் அவரது முதுமைக்கு ஆதாரமாயிற்று. 1830இல் அவர் ஹெலன்ஸ்பறோவில் காலமானார்.

பாறையிலே கிடந்த முதற் கப்பலின் பொறி மீட்கப்பட்டது. கரையிலே, கப்பலோடு தொடர்பற்ற தொழில்களுக்கு அதைப் பயன்படுத்தினர். கைமாறிக் கைமாறி, விக்டோரியா மகாராணியார் காலத்தில், 1862இல், இலண்டன் தென் கென்சிங்டன் நூதனசாலைக்கு அது வந்து சேர்ந்தது.