வயசுக் கோளாறு

திருவெண்ணெய்நல்லூரிலிருந்து அக்கா போன் செய்தாள். பிளஸ் டூ படிக்கும் அவள் மகன், கட்சிக் கொடிக்கம்பத் தகராறில் யாரோ ஒருவரின் பைக் கண்ணாடியை உடைத்துவிட்டானாம். “எல்லாம் ஹார்மோன்டா, வயசுக் கோளாறு” என்றாள். அந்த ஊருக்கு இது புதுசில்லை. கல்யாணத்தன்று வந்து ‘நீ என் அடிமை’ என்று வழக்காடிய கிழவரைப் பித்தன் என்று ஏசி, ஓலையைப் பிடுங்கிக் கிழித்த சுந்தரரின் வழக்கு நடந்த ஊர்தான் அது.

ஆனால் ஹார்மோன் மேல் மட்டும் பழியைப் போட முடியாது. சூரிச்சில் பெண்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2010இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. பணத்தைப் பங்குபோடும் விளையாட்டில், டெஸ்டோஸ்டிரோன் கொடுக்கப்பட்டவர்கள் கூடுதல் நியாயமாகவே பங்கு கொடுத்தார்கள். உண்மையில் எதைச் சாப்பிட்டிருந்தாலும், ‘நமக்கு டெஸ்டோஸ்டிரோன்தான் கொடுத்திருக்கிறார்கள்’ என்று நம்பியவர்கள்தான் கறாராக நடந்துகொண்டார்கள். பதின்வயதினரைப் பற்றி 2005இல் வந்த இன்னொரு ஆய்வு கார் ஓட்டும் கணினி விளையாட்டை வைத்து நடந்தது. தனியாக ஆடும்போது அடக்கமாக இருந்த பையன்கள், நண்பர்கள் பக்கத்தில் இருந்தால் துணிந்து ஆபத்தில் இறங்கினார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு 1965தான் ஞாபகம் வந்தது. இந்தி எதிர்ப்புப் போராட்டம் ஜனவரி 25இல் மதுரையில் வெடித்து, இரண்டே நாளில் சிதம்பரம் வரை வந்துவிட்டது. 27ஆம் தேதி போலீஸ் சுட்டதில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் செத்துப்போனார். அன்றைக்குச் சிதம்பரமும் எங்கள் ஊரும் ஒரே தென்னார்க்காடு மாவட்டம். விடுதிகளில் சேர்ந்தே சாப்பிட்டு, சேர்ந்தே தூங்கிய பையன்களிடம் அந்தத் தீ எவ்வளவு வேகமாகப் பரவியிருக்கும் என்பதற்கு ஆய்வு வேண்டியதில்லை.

ஆனால் அது எதற்காகப் பற்றியது? பக்தவத்சலம் அரசு எதிர்க்கட்சிகளின் தூண்டுதல் என்றது. பையன்களோ காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரசியல் சட்டம் ஆங்கிலத்துக்குக் கொடுத்த 15 வருஷக் கெடு ஜனவரி 26இல் முடிகிறது. மத்திய அரசு வேலைக்கான தேர்வு இனி எந்த மொழியில் நடக்கும் என்பது அவர்களுடைய சோற்றுப் பிரச்சினை. அதைக் கேட்க அவர்களில் பெரும்பாலானவர்களிடம் ஓட்டும் கிடையாது. அப்போது வாக்குரிமை வயது 21. அது 18 ஆனது 1989இல்தான்.

இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் திருப்பூர் வந்ததும் வேகமாகத் தாண்டிவிடுவார்கள். பிப்ரவரியில் அங்கே ஒரு கும்பல் இரண்டு போலீஸ் அதிகாரிகளை உயிரோடு எரித்தது. போராட்டம் அதற்குள் மாணவர் தலைவர்களின் கையை விட்டுப் போயிருந்தது. அரசுக் கணக்கிலேயே சுமார் 70 பேர் செத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து, மாணவர் தலைவராக இருந்த பெ. சீனிவாசன் விருதுநகரில் காமராஜரை 1,285 ஓட்டில் தோற்கடித்தார்.

சாயங்காலம் அக்கா மகனைக் கூப்பிட்டு, ஏன்டா உடைச்சே என்றேன். “இதுவரைக்கும் யாருமே அதக் கேக்கல மாமா” என்று ஆரம்பித்தவன் அரைமணி நேரம் பேசினான். பாதி வாட்ஸ்அப்பில் வந்த பொய். மீதியில் நியாயம் இருந்தது. கண்ணாடிக் காசை அவனே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றேன். “ஃபிரண்ட்ஸக் கூட்டிட்டுப் போகட்டுமா?” என்று கேட்டான். தனியாகப் போகச் சொன்னேன்.