துருவ ஒளிக்குக் கீழே மீன் வெட்டியவர்கள்

போன டிசம்பர் லீவுக்குக் கம்பஸில் இருந்து மாத்தளைக்கு வந்திருந்த நேரம், ஃபோனைத் திறந்தாலே ஒரே விளம்பரம்தான். நோர்வேயின் ட்ரொம்சோ நகரத்தில் 'நோர்தர்ன் லைட்ஸ்' பார்க்கப் பிரைவேட் டூர். உங்களுக்கு மட்டும் ஒரு வேன், உங்களுக்கு மட்டும் ஒரு கைட், குளிருக்கு உடுப்பு, நெருப்பு மூட்டிச் சூடான சொக்லெட், கடைசியில் பச்சை வானத்துக்குக் கீழே உங்களை நிக்க வச்சு ஒரு ஃபோட்டோ. ஒரு ராத்திரிக்கான காசை ரூபாவுக்கு மாத்திப் பார்த்தேன். எங்க பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற ஒருத்தரோட பல மாதச் சம்பளம்.

இதை வாட்ஸப் குரூப்பில் போட்டதும் ஒருத்தன் கேட்டான்: "மச்சான், ரிவர்ஸ்டன் மேல ஏறினா நமக்குத் தெரியாதா?"

சிரிச்சாலும், கேள்வி நியாயமானதுதான். 2024 மே மாதம் 10, 11ஆம் திகதிகளில் பெரிய சூரியப் புயல் ஒன்று வந்தப்ப, லடாக்கில் ஹன்லே வானியல் அவதானிப்பு நிலையத்தின் கமராக்களில் வானம் சிவந்தது பதிவாச்சு. அங்க தெரிஞ்சா இங்க ஏன் தெரியக்கூடாது? விஷயம் என்னன்னா, சூரியனில் இருந்து வரும் மின்னேற்றத் துகள்களைப் பூமியின் காந்தப்புலம் துருவங்களின் பக்கம்தான் இறக்கிவிடுது. தரையில் இருந்து நூறு கிலோமீற்றருக்கு மேலே அவை ஒட்சிசனிலும் நைதரசனிலும் மோதும்போதுதான் அந்தப் பச்சையும் சிவப்பும். காந்தத்துக்கும் ஒரு மத்திய கோடு இருக்கு. அது போறது இலங்கையை ஒட்டித்தான். அதாவது துருவ ஒளி பார்க்க உலகத்திலேயே மோசமான இடம் எதுன்னு ஒரு போட்டி வச்சா, ரிவர்ஸ்டன் மலை நல்ல இடத்துக்கு வரும்.

எங்களுக்குக் கிட்டத்தட்டப் பக்கத்தில் அது வந்த ஒரு தடவை 1872 பெப்ரவரி 4. அன்றைக்கு ராத்திரி பம்பாயில் துருவ ஒளி தெரிஞ்சதாகப் பத்திரிகையில் செய்தி வந்தது. பம்பாய்க்கும் ஏடனுக்கும் இடையிலான கடலடித் தந்தியும் குழம்பிப் போச்சு. அதுக்கு 12 வருஷத்துக்கும் மேல் முந்தி, 1859 செப்டெம்பரில், அதே பம்பாயின் கொலாபா அவதானிப்பு நிலையத்தில் காந்த ஊசி ஒரேயடியாக விழுந்த பதிவை இன்றைக்கும் விஞ்ஞானிகள் எடுத்து வச்சுப் படிக்கிறாங்க. நமக்கு ஒளி தெரியாட்டியும் ஊசி ஆடும். நான் கலைப்பீடம், பௌதிகம் இத்தோட போதும்.

இப்ப அந்த டூருக்கு வருவோம். ட்ரொம்சோ இருக்கிறது வட அகலாங்கு 69 பாகையில், துருவ ஒளி வளையத்துக்கு நேர் கீழே. அதனால் அங்க ஒளி வருமா வராதா என்பதைவிட மேகம் விலகுமா என்பதுதான் பெரிய கேள்வி. கடற்கரை ஊர், மேகம் மூடிக்கிட்டே இருக்கும். கைட்டோட வேலை, சற்றலைட் படத்தைப் பார்த்து எந்தப் பள்ளத்தாக்கில் வானம் திறந்திருக்குன்னு கண்டுபிடிச்சு அங்க வேனை விடுறது. பல நாள் மலைக்கு அந்தப் பக்கம் மழைமறைவில் இருக்கிற ஷிபோட்ன் வரைக்கும், சில நாள் எல்லை தாண்டிப் பின்லாந்துக்கே போவாங்க. நக்கிள்ஸ் மலைக்கு இந்தப் பக்கம் மழை கொட்டும்போது அந்தப் பக்கம் லக்கலையில் வெயில் அடிக்கிறதைப் பார்த்தவங்களுக்கு இது புரியும். இங்க வேன் ஓட்டுற எந்த டிரைவர் அண்ணனும் அந்த வேலையை ஒரு வாரத்தில் பழகிக்குவார்.

ஆனால் குளிர்காலத்தில் காசு கொடுத்து வடக்கே போகிற இந்தப் பழக்கம் ரொம்பப் புதுசு. நோர்வேயின் வடகோடிக்கு வெளிநாட்டார் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே போறாங்க. 1875இல் தோமஸ் குக் கம்பனி நோர்ட்காப் முனைக்கு ஆட்களைக் கூட்டிப் போச்சு. 1907இல் சியாம் மன்னர் சூலாலங்கோர்ன் அங்க போய்ப் பாறையில் தன் பெயர் எழுத்துக்களைப் பொறிக்க வச்சார். (எங்க மாவட்டத்துச் சீகிரியாவில் கண்ணாடிச் சுவரில் எட்டாம், ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுப் பயணிகள் கிறுக்கிவிட்டுப் போனதில் 685 கவிதைகளைப் பரணவிதான வாசித்து 1956இல் பதிப்பிச்சார். பார்க்கப் போன இடத்தில் பேரை எழுதுற வியாதி மனிதனுக்குப் பழசு.) ஆனால் இவங்க எல்லாரும் போனது கோடையில், நள்ளிரவுச் சூரியனைப் பார்க்க. கோடையில் இருட்டே கிடையாதே, துருவ ஒளி எப்படித் தெரியும்? அது தெரிகிற இருட்டு மாதங்கள் உள்ளூர்க்காரருக்கும் விஞ்ஞானிகளுக்கும்தான். வானம் ஆடும்போது சத்தம் போடாதே, விசிலடிக்காதேன்னு சாமி இன மக்கள் பிள்ளைகளை அதட்டுவாங்களாம். பேர்க்லண்ட் என்ற விஞ்ஞானி அல்ட்டாவுக்குப் பக்கத்தில் ஹல்டே மலை உச்சியில் 1899இல் அவதானிப்பு நிலையம் வச்சு, பிறகு ஆய்வுகூடத்தில் காற்றகற்றிய பெட்டிக்குள் ஒரு காந்த உருண்டையைத் தொங்கவிட்டு அந்த ஒளியைச் செயற்கையாக உண்டாக்கிக் காட்டினார். 2008இல் நடிகை ஜோனா லம்லி துருவ ஒளியைத் தேடிப் போன நிகழ்ச்சியை பிபிசி ஒளிபரப்பிய காலத்துக்குப் பிறகுதான் குளிர்காலக் கூட்டம் ட்ரொம்சோவுக்குப் பெருகினது.

இதில் எங்க ஆட்கள் எங்க வாறாங்க? நான் எழுத நினைச்சதே இதைத்தான். டூர் கம்பனிகள் அந்த இருட்டை விக்கத் தொடங்க முந்தி, 1970கள், 80களிலேயே அந்த வானத்துக்குக் கீழே தமிழர்கள் இருந்தாங்க. பார்க்கப் போனவங்க இல்லை. மீன் வெட்டப் போனவங்க.

கதை தொடங்குறது யாழ்ப்பாணம் குருநகரில். அந்த ஊரைச் சேர்ந்த அன்ரனி ராஜேந்திரம் 1956இல் நோர்வே போனார். நோர்வேக்கு முதலில் போன தமிழர்னு அவரைத்தான் சொல்வாங்க. மீன்பிடித் தொழிலைப் படிச்சு, அங்க காசு சேர்த்து, 1967இல் 'சீநோர்' திட்டத்தைத் தொடங்கினார். காரைநகரில் படகு கட்டும் தளம், குருநகரில் வலைத் தொழிற்சாலை. உதவி வந்த அதே பாதையில் பொடியன்மார் திரும்பிப் போகத் தொடங்கினாங்க. அந்த நேரம் பல்கலைக்கழகத் தரப்படுத்தல் வந்து யாழ்ப்பாணத்தில் படிச்ச பிள்ளைகளுக்குக் கதவு சாத்திக்கிட்டிருந்தது. நோர்வேயும் 1975இல் வேலைக்கு வாற வெளிநாட்டாரை நிறுத்திட்டுது. ஆனால் மாணவருக்கு வழி இருந்தது. அங்க 'மக்கள் உயர் பாடசாலை'ன்னு ஒரு வகை உண்டு. பரீட்சை இல்லை, பட்டம் இல்லை, ஒரு வருஷம் விடுதியில் தங்கிப் படிக்கலாம். அதில் ஓர் இடம் எடுத்தா விசா. அப்படிப் போனவங்க, கட்டணத்துக்குப் பட்ட கடனை அடைக்க வடக்கே ஏறினாங்க, ஃபின்மார்க் மாகாணத்துக்கு. வார்டோ, போட்ஸ்பியோர்ட், ஹொன்னிங்ஸ்வோக், ஹம்மர்ஃபெஸ்ட். வரைபடத்தில் ஐரோப்பா முடியுற இடம். அந்த ஊர்களின் இளசுகள் தெற்கே நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தாங்க, மீன் தொழிற்சாலைக்குக் கை தேவைப்பட்டது.

1983 ஜூலைக்குப் பிறகு வரிசை நீண்டது. எண்பதுகளின் கடைசியில் அந்தக் கரையோரத்துத் தொழிற்சாலைகளில் கத்தி பிடிச்ச கைகளில் கணிசமானவை தமிழ்க் கைகள். நோர்வேத் தமிழர்களைப் பற்றி மானிடவியலாளர் ஒய்விண்ட் ஃபுக்லெருட் 1999இல் ஒரு புத்தகமே எழுதியிருக்கார்.

என் பட்ச் தோழி ஒருத்தியோட பெரியப்பா அப்படிப் போனவர். காரைநகர்க்காரர். போன வருஷம் ஊருக்கு வந்தப்ப அவரைச் சந்திக்கக் கிடைச்சது. நான் ஆசையாக் கேட்டது வானத்தைப் பற்றி. அவர் சொன்னது முழுக்கத் தரையைப் பற்றி. றப்பர் பூட்ஸ், ஏப்ரன், கொட் மீனை ஃபிலே போடுற மேசை, முள்ளு கிடக்கான்னு பார்க்கிற வெளிச்சப் பெட்டி, கையுறைக்குள்ளேயும் விரல் மரத்துப் போறது. கிலோக் கணக்கில் கூடவெட்டினா கூடக் காசு. நவம்பர் கடைசியில் இருந்து ஜனவரி மூன்றாம் கிழமை மட்டும் ஹம்மர்ஃபெஸ்ட்டில் சூரியனே எழும்பாது. இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்புறது.

"அப்ப நீங்க அந்த ஒளியைப் பாக்கவே இல்லையா?" என்று விடாமல் கேட்டேன்.

"பாக்காம என்ன பிள்ளை, தலைக்கு மேலதானே நிண்டது. ஆனா மூக்கு வழிஞ்சது உறைஞ்சு போற குளிருக்க ஆர் அண்ணாந்து நிக்கிறது? குனிஞ்சு நடந்தாத்தான் வழுக்காம வீட்ட போகலாம்."

முதல் தடவை பார்த்தப்ப மட்டும் ஏதோ குண்டு வெடிச்ச வெளிச்சமாக்கும்னு நெஞ்சு திக்கென்றதாம்.

தொண்ணூறுகளில் பலர் தெற்கே இறங்கிட்டாங்க. 1990இல் பாரன்ஸ் கடலில் கொட் மீன் குறைஞ்சு பிடிக்கிற அளவையே அரசாங்கம் வெட்டினது, பிள்ளைகளின் படிப்பு, ஒஸ்லோவில் தமிழ்ப் பாடசாலையும் கோயிலும், எல்லாமே காரணம். அந்த வடக்கில் வளர்ந்த ஒரு பிள்ளையை எல்லாருக்கும் தெரியும்: யாழ்ப்பாணத்தில் பிறந்து மூன்று வயதில் நோர்வே போய், ஹம்மர்ஃபெஸ்ட்டில் கொஞ்சக் காலம் இருந்து பிறகு ஒஸ்லோவுக்கு வந்த கம்சாஜினி குணரத்தினம். 2015இல் ஒஸ்லோவின் துணை மேயர், 2021இல் பாராளுமன்ற உறுப்பினர். நம்ம பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதும்போது துணை மேயரில் தொடங்கி அதிலேயே முடிக்கும். ஹம்மர்ஃபெஸ்ட் என்ற ஊருக்குத் தமிழர் ஏன் போனாங்கன்னு ஒரு வரி இருக்காது. எனக்கு அதில் கோபம்தான்.

மாத்தளைக்காரியாக எனக்கு இன்னொன்றும் உறுத்துது. அந்தப் பாதையில் எங்க மலையகத்து ஆட்கள் ஏன் இல்லை? திறமை இல்லாமலா? பாஸ்போர்ட் வேணுமே. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் எங்க ஆட்களை நாடற்றவர்களாக்கிச்சு. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்குன்னு பிரிச்சது. மிச்சம் இருந்த 150,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பங்கு போட்டாங்க. காரைநகர்ப் பொடியன் ஒஸ்லோவுக்கு விமானம் ஏறின அதே எழுபதுகளில், எங்க லயத்து ஆட்கள் தகரப் பெட்டியோட தலைமன்னாருக்குப் போற 'ஒப்பாரிக் கோச்சி'யில் ஏறி, அங்கிருந்து இராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரம் போனாங்க. அவங்களில் யாருக்கும் வடக்கு வானத்தைப் பற்றி யோசிக்க நேரம் இருந்திருக்காது.

தலைமன்னார்ப் பக்கத்துப் பாதையும் எங்களுக்குப் புதுசில்லை. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவங்க மன்னாரில் இறங்கி, காட்டுக்குள்ளால் தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்துதான் வந்தாங்க. கூட்டிக்கிட்டு வந்தவன் கங்காணி. ஒரு வகையில் அவனும் பிரைவேட் கைட்தான், என்ன, கைட்டுக்குக் கொடுக்க வேண்டிய காசு நடந்தவங்க தலையில் துண்டுக் கடனாக ஏறினது, தலைமுறைக்கும் இறங்கலை. வழியில் கொலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவங்களுக்குக் கல்லறைகூட இல்லை. 2023 ஜூலை 28 தொடங்கி 16 நாள், தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரைக்கும் அந்தப் பாதையை மறுபடி நடந்தாங்க. ஓகஸ்ட் 12 மாத்தளைக்கு வந்து சேர்ந்தப்ப நானும் ரோட்டோரம் நின்றேன். நடந்து வந்தவங்களில் வயசானவங்களும் இருந்தாங்க, கால் வீங்கிப் போய்.

பெரியப்பாவின் கதையில் ஒன்று பாக்கி இருக்கு. அவரோட மகள் ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்தவள், நல்ல வேலை. அப்பாவின் அறுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு அம்மா அப்பாவைக் கூட்டிக்கிட்டு ட்ரொம்சோவுக்குப் போயிருக்காள். பிரைவேட் டூர்தான். வேன், குளிர் உடுப்பு, நெருப்பு, எல்லாம் விளம்பரத்தில் இருந்த மாதிரியே. ரெண்டு மணித்தியாலம் ஓடி மேகம் விலகின ஒரு இடத்தில் நிப்பாட்டி, கைட் பொடியன் ஸ்டாண்டில் கமராவைப் பூட்டிக்கிட்டே நோர்வேஜிய மொழியில் பெரியப்பாவைக் கேட்டிருக்கான், இதுதான் முதல் தடவையான்னு.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஓம் எண்டு சொன்னன்."

ஃபோனை எடுத்து அந்த ஃபோட்டோவைக் காட்டினார். வானம் முழுக்கப் பச்சை. மகளும் பெரியம்மாவும் மேலே பார்த்துச் சிரிக்கிறாங்க. அவர் மட்டும் தரையைப் பார்த்துக்கிட்டு நிக்கிறார். "ஐஸ் கிடந்தது பிள்ளை" என்றார்.