வெயில் கெடுக்கும் டி.என்.ஏ.வை உடல் எப்படிச் சரிசெய்கிறது?

வெயிலின் புற ஊதாக் கதிர், தோல் செல்லின் டி.என்.ஏ.வில் அடுத்தடுத்த இரண்டு மரபு எழுத்துகளை ஒட்டிவிடும். செல்லிலுள்ள புரதங்கள் அந்தப் பழுதைக் கண்டுபிடித்து, சுமார் 30 எழுத்துகள் கொண்ட துண்டை வெட்டியெடுக்கின்றன. எதிர் இழையைப் பார்த்துப் புதுத் துண்டு நிரப்பப்படுகிறது. இதை விளக்கியவர் துருக்கியில் பிறந்த அஸீஸ் சன்ஜார். 2015இல் வேதியியல் நோபல் பரிசை இருவருடன் பகிர்ந்துகொண்டார்.

சரிசெய்யும் முன்பே டி.என்.ஏ. பிரதியாக நேர்ந்தால், ‘பாலிமரேஸ் ஈட்டா’ என்ற நொதி பழுதைத் தாண்டி, பெரும்பாலும் சரியான எழுத்தையே சேர்க்கும்.

இவ்விரண்டில் ஒன்று பிறவியிலேயே குறைப்பட்டால் வருவது ‘ஸீரோடெர்மா பிக்மென்டோசம்’. சிறுவயதிலேயே தோல் புற்றுநோய் வரலாம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால்தான் இந்நோய் உண்டாகும். நெருங்கிய உறவுத் திருமணத்தில் அதற்கு வாய்ப்பு அதிகம். சிறிது வெயிலுக்கே குழந்தையின் தோல் கொப்பளித்தால், இரண்டு வயதுக்குள் முகத்தில் புள்ளிகள் பெருகினால், தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.