பனிக்கட்டியாகிப்போன படுக்கை

கம்பளிக்குச் சூடு உண்டா? இல்லை. ஐஸ் விற்பவர் கட்டியின் மேல் மரத்தூளைப் பரப்பிச் சாக்கால் மூடி வைப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். கம்பளியைச் சுற்றி வைத்தாலும் ஐஸ் விரைவில் உருகாது. அங்கே வெளிவெப்பம் உள்ளே புகாமல் தடுக்கும் அதே கம்பளி, நாம் போர்த்தும்போது உடல் வெப்பம் வெளியேறாமல் தடுக்கிறது. இந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் இழைகளுக்கிடையே அசையாமல் சிறைப்பட்டிருக்கும் காற்றே. மலையேறுவோரும் துருவப் பயணிகளும் பயன்படுத்தும் உறக்கப் பையின் வரலாறு, இந்தக் காற்றைக் காப்பாற்ற மனிதன் பட்ட பாட்டின் வரலாறு எனலாம்.

தொடக்க முயற்சிகள்

ஆல்ப்ஸ் மலைகளில் இரவைக் கழிக்க, 1861-இல் பிரான்சிஸ் பாக்ஸ் டக்கெட் என்ற ஆங்கிலேயர் ஓர் உறக்கப் பையைச் சோதித்துப் பார்த்தார். பின்னர் இவர் கம்பளித் துணியால் பை தைத்து, தரை ஈரம் ஏறாதிருக்க அடிப்புறத்தில் ரப்பர் பூசினார். 1888-இல் கிரீன்லாந்தைக் குறுக்காகக் கடந்த நார்வே நாட்டு நான்சென் குழுவில் ஆறு பேர் இருந்தனர். துருவ மான் தோலால் ஆன இரண்டே பைகளில், மூவர் மூவராகப் படுத்தனர். ஒருவர் சூடு மற்றவருக்கு உதவியது, சுமையும் குறைந்தது. துருவ மானின் ரோமத்தினுள்ளும் காற்றறைகள் உண்டு. எனவேதான் அத்தோல் குளிருக்கு அவ்வளவு ஏற்றதாயிற்று.

மூன்று பைகள் சொன்ன பாடம்

1911 ஜூன் 27. அண்டார்க்டிகாவில் சூரியன் தலைகாட்டாத நடுக்குளிர்காலம். ஸ்காட் குழுவைச் சேர்ந்த வில்சன், பவர்ஸ், செர்ரி-கெரார்டு ஆகிய மூவர், எம்பெரர் பெங்குவின் முட்டைகளைத் தேடி குரோசியர் முனைக்குப் புறப்பட்டனர். வெப்பநிலை சுழிக்குக் கீழ் 60 டிகிரி செல்சியசையும் தாண்டி இறங்கியது.

ஐந்து வாரங்களுக்குப் பின் மூன்று முட்டைகளுடன் திரும்பியபோது, பைகளை நிறுத்துப் பார்த்தார்கள். 17 பவுண்டாக இருந்த வில்சனின் பை 40 பவுண்டு ஆகியிருந்தது. பவர்ஸின் பை 17-லிருந்து 33 ஆகவும், செர்ரி-கெரார்டின் பை 18-லிருந்து 45 ஆகவும் உயர்ந்திருந்தன. அதாவது, 8 கிலோ பை 20 கிலோ ஆகிவிட்டது!

இந்தக் கூடுதல் எடை எங்கிருந்து வந்தது? அவர்களுடைய உடலிலிருந்தே வந்தது. உறங்கும்போதும் தோலிலிருந்தும் மூச்சிலிருந்தும் நீராவி வெளிப்பட்டுக்கொண்டே இருக்கிறது. சாதாரணக் குளிரில் அது பையைக் கடந்து வெளியே போய்விடும். கடுங்குளிரிலோ, பாதி வழியிலேயே உறைந்து பனியாகிவிடுகிறது. உலர்த்த வெயிலும் இல்லை. காற்று இருக்கவேண்டிய இடத்தைப் பனிக்கட்டி பிடித்துக்கொள்கிறது. பனிக்கட்டியோ, அசையாத காற்றைவிடப் பன்மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். ஒவ்வோர் இரவும், பலகைபோல் விறைத்த பையை உடற்சூட்டால் சிறிது சிறிதாக இளக்கித்தான் அவர்கள் உள்ளே நுழைய முடிந்தது.

மற்றொன்றையும் கவனியுங்கள். வில்சனும் செர்ரி-கெரார்டும் தோல் பைக்குள் ஈடர் வாத்தின் மென்சிறகு அடைத்த உள்ளுறையையும் பயன்படுத்தினார்கள். பவர்ஸ் தோல் பையை மட்டுமே பயன்படுத்தினார். ஈரம் மிகக் குறைவாகச் சேர்ந்தது அவருடைய பையில்தான்.

ஆயினும் அந்தப் பைகளே அவர்களைக் காத்தன. புயலில் குடிசையின் கித்தான் கூரை கிழிந்து பறந்தபோது, மூவரும் பைகளுக்குள் முடங்கி, மேலே பனி மூட, உயிர் பிழைத்தார்கள். வில்சனும் பவர்ஸும் 1912 மார்ச்சில், தென் துருவத்திலிருந்து திரும்பும் வழியில், ஸ்காட்டுடன் இறந்தனர். நவம்பரில் அவர்கள் தங்கள் உறக்கப் பைகளுக்குள்ளேயே கண்டெடுக்கப்பட்டனர். தேடிச் சென்றவர்களில் செர்ரி-கெரார்டும் ஒருவர்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

இன்று இரண்டு வகைப் பைகள் கிடைக்கின்றன. மென்சிறகுப் பை இலேசானது, சுருட்டினால் சிறிதாகும். ஆனால் நனைந்தால் சிறகுகள் ஒட்டிக்கொண்டு காற்றை இழந்துவிடும். பாலியெஸ்டர் இழைப் பை சற்றுக் கனமானாலும் ஈரத்தை நன்கு தாங்கும், விரைவில் உலரும். மழைக்காலத்துக்கு அதுவே ஏற்றது.

பையின் மேல் வெப்பநிலை எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். வெப்பமூட்டிய பொம்மையைப் பைக்குள் கிடத்தி, குளிர் அறையில் அளந்து இவற்றைக் கணக்கிடுகிறார்கள். 2002-இல் ஐரோப்பாவில் இதற்கான தர அளவு வெளிவந்தது. சுகமாக உறங்கும் அளவு, முடங்கிப் படுத்துத் தாங்கும் எல்லை, உயிர் மட்டும் தப்பக்கூடிய கடைசி எல்லை என மூன்று எண்கள் உண்டு. முதல் எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும். மூன்றாவதை நம்பிப் போவது ஆபத்து.

பை மிகப் பெரிதாக இருந்தால் உள்ளிருக்கும் வெற்றிடத்தையும் உடலே சூடாக்க வேண்டும். மிக இறுக்கமானால் அடைப்புப் பொருள் நசுங்கிக் காற்றை இழக்கும். முதுகின் கீழ் எந்தப் பையும் நசுங்கவே செய்யும். ஆகவே அடியில் தனியாக ஒரு விரிப்பு தேவை. தலையை உள்ளே இழுத்துக்கொண்டு மூச்சு விடாதீர்கள். காலையில் பையை உதறி வெயிலில் காயப் போடுங்கள். குரோசியர் முனைக்குச் சென்ற மூவருக்கும் கிடைக்காத வசதி அந்த வெயில்தான்.