படிகாரக் கல்லும் சவரக் கத்தியும்: சென்னையின் மேற்குப் புறநகரை முன்வைத்து ஓர் ஆய்வு

சவரம் முடிந்த முகத்தில் தேய்க்கப்படும் படிகாரக் கல் தமிழகச் சலூன்களில் நெடுங்காலமாகக் காணப்படும் பொருளே ஆயினும், அது எல்லாக் காலத்திலும் ஒரே நிலையில் இருந்ததில்லை. வைத்தியம் அறிந்தவரின் மருந்தாக இருந்த அக்கல், பின்னர்ச் சலூன் மேசையில் வாடிக்கையாளர் அனைவருக்கும் பொதுவான கல்லாகி, இன்று தனி ஒருவரின் குளியலறைக்கு இடம் மாறி வருகிறது. சவரக் கத்தியின் வடிவமும் அதைப் பிடித்த கையும் மாறியபோதெல்லாம் கல்லின் இடமும் மாறியது என்பதே இக்கட்டுரையின் கருத்து. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இம்மாற்றம் நெருக்கமாகப் புலப்படுகிறது.

பொட்டாசியமும் அலுமினியமும் கந்தக அமிலத்துடன் சேர்ந்து உண்டாகும் இரட்டை உப்பே படிகாரம். அதன் எடையில் ஏறத்தாழ 45 விழுக்காடு படிக நீர், அதாவது படிகத்துக்குள்ளேயே பிணைந்திருக்கும் நீர், ஆகையால் வாணலியில் இட்டுச் சூடேற்றினால் அது முதலில் இளகிக் கொதித்து, நீர் வற்றியபின் வெண்ணிறமாகப் பொரிந்து நிற்கிறது. படிகம் போன்ற தோற்றத்தால் படிகாரம் என்றும், சீன நாட்டோடு தொடர்புபடுத்திச் சீனக்காரம் என்றும் அது வழங்கப்படுகிறது. சோழமண்டலக் கரையின் சாயக்காரர்கள் சாயவேரின் சிவப்பைப் பருத்தித் துணியில் நிலைக்கச் செய்யவும் இதையே நாடினர். 19-ஆம் நூற்றாண்டு வரை கட்சிலும் பஞ்சாபின் காலாபாக்கிலும் களிப்பாறையிலிருந்து எடுக்கப்பட்ட நாட்டுப் படிகாரம், ஆலையில் செய்யப்பட்ட மலிவான இறக்குமதிச் சரக்கின் முன் நிற்க முடியாமல் தளர்ந்தது.

சித்த மருத்துவம் படிகாரத்தைக் காரசாரம் எனப்படும் உப்பு வகைகளுள் ஒன்றாகக் கொண்டு, துவர்ப்புச் சுவையும் குருதியை அடக்கும் குணமும் உடையது என வகுக்கிறது. முட்டை வெண்கருவில் அரைத்துப் புடமிட்ட படிகாரப் பற்பம் நீர்க்கடுப்புக்கு வழங்கப்படுகிறது. முடி திருத்துவோர் தமிழகத்தில் மருத்துவர் என்ற பெயரையும் உடையவர்கள் என்பது இங்கே மிகவும் முக்கியமானது. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூல், அச்சமூகத்து ஆண்கள் வைத்தியம் செய்ததையும் பெண்கள் பிரசவம் பார்த்ததையும் பதிவு செய்கிறது. கட்டியைக் கீறுவதும் புண்ணைக் கழுவுவதும் முகம் மழிப்பதும் ஒரே கையின் தொழிலாக இருந்த அந்நாளில், கத்தி, சாணைக்கல், தோல்வார் ஆகியவற்றோடு அடப்பம் என்னும் கருவிப் பையில் இருந்த படிகாரத்தை அழகுப் பொருள் என்று கொள்வது பிழையாகும், அது மருந்து.

சவரத்தில் அதன் வேலை எளிது. குளிர்ந்த நீரால் நனைத்த கல்லை ஈர முகத்தில் மெல்ல இழுக்கும்போது கரையும் உப்பிலுள்ள அலுமினிய அயனிகள் மேல்தோலின் புரதத்தை உறையச் செய்து நுண்ணிய குருதிக் குழாய்களைச் சுருக்குகின்றன. கத்தி அழுத்திச் சென்ற இடத்தில் சுரீர் என்ற எரிச்சல் எழுகிறது, கண்ணுக்குத் தெரியாத கீறலைக்கூட அந்த எரிச்சல் காட்டிக்கொடுக்கிறது. அரை நிமிடத்துக்குள் தோல் இறுகி, உலர்ந்த இடத்தில் மெல்லிய வெண்படலம் தங்க, அதைக் கழுவித் துடைப்பதோடு சவரம் நிறைவடைகிறது. நாள்பட்ட கல்லின் முனைகள் தேய்ந்து, கன்னத்தில் படும் பக்கம் வழவழப்பாகிவிடும்.

பூந்தமல்லி ஆங்கிலேயர் காலத்தில் ஐரோப்பியப் படைவீரர்கள் தங்கிய கன்டோன்மென்ட். ஆனால் வட்டாரத்தின் முகத்தை மாற்றியவை விடுதலைக்குப் பிந்தைய ஆலைகளே. 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், 1959-இல் வந்த டன்லப், 1961-இல் ஆவடியில் அமைந்த கனரக வாகனத் தொழிற்சாலை, 1964-இல் உருவான அம்பத்தூர்த் தொழிற்பேட்டை ஆகியவை பல ஊர் மக்களை இங்கே குடியேற்றின. செவ்வாயும் வெள்ளியும் பார்த்து, களத்து நெல்லைக் கூலியாகப் பெற்று வீடுதோறும் சென்று மழித்த பழைய ஏற்பாடு, ஷிப்ட் நேரமும் சீருடையும் உள்ள இடத்தில் பொருந்தவில்லை. முகம் மழிப்பது பணி ஒழுங்கின் பகுதியானபோது, நாற்காலியும் கண்ணாடியும் ரொக்கக் கூலியும் கொண்ட சலூன் வளர்ந்தது. அங்கே படிகாரம், பவுடருக்கு முந்திய கடைசிப் படியாக, எல்லா முகத்துக்கும் பொதுவான ஒரே கல்லாயிற்று. மருத்துவ அறிவிலிருந்து பிரிந்து அது வெறும் வழக்கமானது இக்கட்டத்தில்தான் எனலாம்.

அடுத்த திருப்பம் பிளேடால் நேர்ந்தது. 1903-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த கில்லெட் ரேஸர், முதல் உலகப் போரில் அமெரிக்க வீரர்களுக்கு ஏறத்தாழ 35 லட்சம் வழங்கப்பட்டு உலகெங்கும் பரவி, சவரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது. சலூனிலோ தீட்டும் கத்தியே நெடுநாள் நீடித்தது. 1986-இல் சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்டபின் பரவிய விழிப்புணர்வால், ஆளுக்கு ஒரு புதுப் பிளேடு என்ற வழக்கம் சலூன்களில் வேரூன்றியது. வாடிக்கையாளர் கண்ணெதிரே பிளேடு உறை பிரிக்கப்படுகிறது; ஆனால் அதே மேசையில் முந்தைய கன்னத்தைத் தொட்ட கல் அப்படியே இருக்கிறது. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உலர்ந்த பரப்பிலும் குறைந்தது ஏழு நாள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. படிகாரத்துக்குப் பாக்டீரியாவைக் கட்டுப்படுத்தும் சிறு ஆற்றல் உண்டேயன்றி, அதைக் கிருமிநீக்கியாகக் கருதவே கூடாது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் குருதி நிறுத்தும் மருந்தைப் பொடியாகவோ திரவமாகவோ மட்டும் இட வேண்டும் என விதி இருப்பது இதனாலேயே.

வீட்டுப் பயன்பாட்டில் இவ்விடர் இல்லை. ஆவடிச் சந்தையிலும் அம்பத்தூர் ஓ.டி.யிலும் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் கல்லை ஒருவர் தமக்கென வைத்துக்கொண்டு, சவரத்துக்குப் பின்னும், வியர்வை நாற்றம் தணிக்க அக்குளிலும் தேய்க்கிறார். அதே கல் கறுப்புக் கயிற்றில் கட்டப்பட்டுக் கடை வாசலில் திருஷ்டிக்காகவும் தொங்குகிறது என்பதால், இம்மக்களின் அன்றாட வாழ்வில் அதற்குள்ள நம்பிக்கை சவரத்தோடு நின்றுவிடவில்லை. அந்நம்பிக்கையின் மீது முகம் வெளுக்கும், தழும்பு மறையும் என்ற விளம்பரப் பேச்சும் ஏறிக்கொண்டது. தோலைச் சற்றே இறுக்கும் துவர்ப்புக்கு அத்தகைய ஆற்றல் இல்லை. வறண்ட தோலுக்கும் படைக்கும் இது ஒவ்வாது, ஆழ்ந்த வெட்டுக்கு இது சிகிச்சையும் ஆகாது.

ஆகவே பொதுக்கல்லைச் சலூன் மேசையிலிருந்து அகற்றுவதே முறை. பழகிய எரிச்சலை விரும்பும் வாடிக்கையாளருக்காக, ஒரு சிட்டிகைப் படிகாரப் பொடியைச் சுத்தமான நீரில் கரைத்துப் புதுப் பஞ்சில் நனைத்து ஒற்றிவிட்டு, அந்தப் பஞ்சைப் பிளேடோடு சேர்த்து எறிந்துவிடலாம். அதற்கு ஆகும் செலவு ஒரு பிளேடின் விலைகூட இல்லை.