பர்க்கிட்டின் தராசு



பெருங்குடற் புற்றுநோய் கண்டு படுக்கையில் கிடந்த என் தமையனார் ஒருநாள், "நான் உண்ட உணவுதான் இதைக் கொண்டுவந்ததா, தம்பி?" என்று கேட்டார். அன்று என்னிடம் விடையில்லை. அதைத் தேடிப் படிக்கப் புகுந்தபோதுதான் டாக்டர் டெனிஸ் பர்க்கிட்டின் வரலாறு எனக்கு அறிமுகமாயிற்று.

பர்க்கிட் 1911-இல் அயர்லாந்தில் பிறந்தவர். இளமையிலேயே விபத்தொன்றில் ஒரு கண்ணை இழந்தவர். 1946 முதல் ஏறத்தாழ இருபதாண்டுகள் உகாண்டாவில் அறுவை மருத்துவராக இருந்தார். ஆப்பிரிக்கக் குழந்தைகளின் தாடையில் தோன்றும் ஒருவகைப் புற்றைப் பற்றி 1958-இல் எழுதிப் புகழ்பெற்றவர் இவரே. அது தனிக் கதை.

இங்கிலாந்தில் மலிந்து கிடந்த பெருங்குடற் புற்று, கம்பாலா நகரத்து முலாகோ மருத்துவமனையில் அரிதாகவே தென்பட்டது. அந்நாட்டு மக்கள் அவித்த வாழைக்காயும் கேழ்வரகும் வள்ளிக்கிழங்கும் அவரையும் உண்டவர்கள். ஆங்கிலேயரோ வெள்ளை ரொட்டியும் சர்க்கரையும் இறைச்சியும் உண்டவர்கள். வேறுபாடு இங்கேதான் இருக்குமோ என்று பர்க்கிட் ஐயுற்றார். லண்டன் திரும்பிய பின் ஆப்பிரிக்க மிஷன் மருத்துவமனைகளுக்குக் கடிதம் எழுதி, எந்நோய் எங்கே உண்டு, எங்கே இல்லை என்று கேட்டறிந்தார்.

அடுத்து அவர் செய்ததை வானொலியிற் கூறலாமா என்று சற்றுத் தயங்கினேன். அவர் மலத்தை நிறுத்தார்! உண்டது வெளிவர எத்தனை மணி நேரமாகிறது என்றும் அளந்தார். வாக்கர், பெயின்டர் என்னும் இருவருடன் 1972-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட கணக்கின்படி, உகாண்டாக் கிராமத்தார்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 470 கிராம், 36 மணி நேரம். ஆங்கிலேயக் கடற்படையினர் குடும்பங்களில் 104 கிராம், 83 மணி நேரம். நார்ச்சத்து குறைந்தால் கழிவு குடலில் நெடுநேரம் தங்கி, அதிலுள்ள தீய பொருள்கள் குடற்சுவரைத் தாக்குகின்றன என்பது அவர் கொள்கை.

பர்க்கிட் 1993-இல் மறைந்தார். அதன்பின் அவர் கொள்கைக்குச் சோதனைக்காலம் வந்தது. 88,757 அமெரிக்கச் செவிலியரைப் பதினாறாண்டுகள் தொடர்ந்த ஆய்வு, நார்ச்சத்தால் பயன் காணவில்லை என்று 1999-இல் அறிவித்தது. மறு ஆண்டு வெளியான பரிசோதனையிலும், உணவை மாற்றிக்கொண்டவர்களுக்குக் குடற்கட்டிகள் முன்போலவே மீண்டும் தோன்றின. ஆனால் நான்கே ஆண்டுகள் நடந்த சோதனை அது. இந்நோயோ பல்லாண்டுகள் மெல்ல வளர்வது. 2003-இல் ஐரோப்பிய நாடுகள் பத்தில் ஐந்து லட்சம் பேரை ஆராய்ந்தவர்கள், நார்ச்சத்து மிகுந்தோரிடம் இந்நோய் குறைவு என்று கண்டனர்.

2015-இல் வெளிவந்த ஆய்வொன்று என்னை வியப்பிலாழ்த்தியது. அமெரிக்கக் கருப்பினத்தார் இருபதுபேரும் தென்னாப்பிரிக்கக் கிராமத்தார் இருபதுபேரும் இரண்டு வாரங்களுக்குத் தம் உணவை மாற்றிக்கொண்டனர். நார் உணவு பெற்ற அமெரிக்கரின் குடலில் நுண்ணுயிர்கள் ஆக்கும் பியூட்டிரேட் என்னும் நற்பொருள் இரண்டரை மடங்காயிற்று. குடற்சுவரின் அழற்சியும் தணிந்தது. மற்றவர்க்கோ எல்லாம் தலைகீழ். பர்க்கிட் எடையையும் காலத்தையும் கணக்கிட்டார். குடலுக்குள் நுண்ணுயிர்கள் செய்யும் இவ்வேலையை அவர் தராசு காட்டவில்லை.

அந்நுண்ணுயிர்கள் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. சில குடும்பங்களில் நோய்க்கான கூறு பிறப்பிலேயே வருகிறது. ஆகவே தமையனாரிடம், "உணவுக்குப் பங்குண்டு, அண்ணா, உங்கள் ஒருவருக்கு எதனால் வந்தது என்று எவராலும் சொல்ல இயலாது" என்றேன்.

அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "பிள்ளைகளைக் குடற் பரிசோதனைக்கு அழைத்துப் போ, தம்பி" என்றார்.